மலைக்கு மட்டுமா இந்தச் சோதனை?

அரிவாள் செல் ரத்தசோகை என்றதும் நம் அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நினைவுக்கு வருவது காடும் மலையும்தான். அதற்குக் காரணம் உண்டு. 1952ஆம் ஆண்டு ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, தென்னிந்தியாவிலும் இந்த மரபுக்கூறு இருப்பதை எழுதினார்கள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கமும் அந்த வழியில்தான் நடக்கிறது. 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் இது ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் செய்வது என்பது அதன் இலக்கு. தமிழ்நாடும் அந்த 17இல் ஒன்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தொண்டு நிறுவனங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலைக்கு அரசு தோள் கொடுப்பது நல்லதே. ஆனால் அதே 1952இல் வெளியான இன்னொரு கட்டுரையைப் பலரும் மறந்துவிட்டார்கள். மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டதாக டன்லப், மஜும்தார் என்ற இருவர் அதில் எழுதினார்கள். அந்தத் தொழிலாளர்கள் அசாம் மண்ணில் பிறந்து வளர்ந்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆக, இந்தியாவில் இந்த நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டிலேயே, அது பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் போகும் என்பதற்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

இன்று அது வந்து இறங்கும் இடங்களில் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா, களஹாண்டி மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் நுவாக்காய் பண்டிகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஏஜென்டிடம் வாங்கிய முன்பணத்துக்காகத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சேம்பர்களில் கல் அறுத்துக் கடனைக் கழித்துவிட்டு, மழைக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் அங்கே ஓர் ஆள் கணக்கு. ஆகவே கர்ப்பிணிகளும் வருகிறார்கள், குழந்தைகள் இங்கே பிறக்கிறார்கள். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு அடர்த்தியாகக் காணப்படும் பட்டையில் இந்த மூன்று மாவட்டங்களும் அடக்கம். இது சேம்பரோடு முடிகிற கதையும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகள், ஆவடியைச் சுற்றிய கட்டட வேலைகள், பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைகள் என எங்கும் ஜார்கண்ட், சத்தீஸ்கர், வங்காளம், அசாம் ஆட்கள் குடும்பத்தோடு வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். இப்பகுதிப் பிரசவ வார்டுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், அது வீடு போகும் முன்பே, ஒரு சொட்டு ரத்தத்தில் அரிவாள் செல்லைக் கண்டறியும் ஆன்டிபாடி பட்டைச் சோதனை செய்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

நோயின் அடிப்படையைப் பார்த்தால் ஏன் பிறந்த உடனே என்பது புரியும். சிவப்பணுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று இருக்கிறது; 146 அமினோ அமிலங்கள் கோத்தது. அதில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால் அது எஸ் வகை ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறையும்போது இவ்வகை மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல் நீள, சிவப்பணு அரிவாளாக வளைந்து விறைத்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறு வந்தால் குழந்தை வெறும் சுமப்பாளர். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லை. இருவருமே சுமப்பாளர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் வர. ஆனால் அந்தப் பிள்ளையும் பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். கருவில் உருவாகும் எஃப் வகை ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியே கிடையாது; பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி அதுதான். ஐந்தாறு மாதங்களில் எஃப் குறைந்து எஸ் ஏறிய பிறகே வேடம் கலையும். கை கால் விரல்கள் வீங்கும், குழந்தை காரணம் தெரியாமல் வீரிட்டு அழும், வெளுத்துப்போகும். மண்ணீரல் திடீரென்று ரத்தத்தை உள்ளே இழுத்துத் தேக்கிவைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். கிருமிகளை வடிகட்டும் வேலையையும் அந்த மண்ணீரல் சீக்கிரமே இழந்துவிடுவதால், நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ரத்தத்தில் புகுந்தால் ஒரே நாள் காய்ச்சலில் முடிந்துவிடுவதும் உண்டு. அறிகுறி தெரிந்தபின் சோதித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள், பல குழந்தைகளுக்கு அந்த முதல் அறிகுறியே கடைசியாகவும் இருந்திருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்பதற்கு ஊகம் தேவையில்லை. அமெரிக்காவில் நடந்து 1986இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று வயதுக்குட்பட்ட 215 அரிவாள் செல் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். தினம் இருவேளை பெனிசிலின் பெற்ற 105 பேரில் 2 பேருக்குத்தான் நியூமோகாக்கஸ் ரத்தத் தொற்று வந்தது. வெற்று மாத்திரை பெற்ற 110 பேரில் 13 பேருக்கு வந்தது, அவர்களில் 3 பேர் இறந்தார்கள். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மறுபாதிக்கு மருந்தை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே குறித்த காலத்துக்கு முன்பு நிறுத்திவிட்டார்கள். பெனிசிலின் ஒன்றும் அபூர்வ மருந்தில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கக் கூடியது. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஜமைக்காவின் அனுபவம். 1973 முதல் கிங்ஸ்டன் நகரின் மகப்பேறு மருத்துவமனையில் கிரஹாம் செர்ஜன்ட் குழுவினர் ஒரு லட்சம் பச்சிளம் குழந்தைகளைச் சோதித்தார்கள். நோய் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு, வயிற்றின் இடப்புறம் கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மண்ணீரல் தேக்கத்தால் வரும் சாவு வெகுவாகக் குறைந்தது. மருந்தும் இல்லாமல் கருவியும் இல்லாமல் தாயின் கை செய்த வேலை அது. ஆனால் எந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பது என்று முதலில் தெரிந்தாக வேண்டும் அல்லவா? பிற்காலத்தில் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தும் வந்து சேர்ந்தது. எஃப் வகையைத் திரும்ப உயர்த்தி வலியையும் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையையும் அது குறைக்கிறது.

இனி சோதனைக்கு வருவோம். ஊர்ப்புற முகாம்களில் வெகுகாலம் கையாளப்பட்டது கரைதிறன் சோதனை. ரத்தத்தை ஒரு திரவத்தில் கலந்தால் எஸ் வகை கரையாமல் கலங்கலாக நிற்கும். வளர்ந்தவர்களுக்குச் சரி, பிறந்த குழந்தைக்கு உதவாது. அப்போது எஸ் கொஞ்சமாக இருக்கும், எஃப் ஆதிக்கத்தில் அது கலங்கவே கலங்காது. மின்புலத்திலோ ஹெச்.பி.எல்.சி. என்ற இயந்திரத்திலோ வகை பிரித்துப் பார்ப்பது துல்லியமானது. ஆனால் அதற்கு ஆய்வகம், தடையில்லா மின்சாரம், பயின்ற ஆள், மாதிரியை அனுப்பி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஆன்டிபாடி பட்டைகள் நுழைந்தன. கர்ப்பம் பார்க்கும் பட்டையும் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த துரித சோதனையும் எந்த நுட்பமோ அதே நுட்பம்தான் இதுவும். வியப்பு என்னவென்றால், 146இல் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பதை அடையாளம் காணும் அளவுக்குக் குறிபார்த்துப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்கியிருக்கிறார்கள். இயல்பான ஏ வகைக்கு ஒன்று, எஸ் வகைக்கு ஒன்று, ஆப்பிரிக்காவில் அதிகம் காணும் சி வகைக்கு ஒன்று. குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைத்துப் பட்டையை நனைத்தால் பத்து நிமிடத்தில் கோடுகள் பேசும். ஹீமோடைப்எஸ்சி என்ற பட்டையில் ஒரு விசித்திரம்: எந்த வகை ரத்தத்தில் இருக்கிறதோ அந்தக் கோடு மறைந்துவிடும். கோடு வந்தால் உண்டு என்று கொரோனாவில் பழகிய செவிலியர் இதைத் தலைகீழாகப் படிக்கக் கூடும் என்பதால் பயிற்சியில் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த மும்பை நிறுவன ஆய்வாளர்கள் நான்கு மருத்துவமனைகளில் 980 பச்சிளம் குழந்தைகள் உட்பட 1,559 பேரிடம் இப்பட்டையைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். நோய் உள்ள 211 பேரில் 209 பேரை அது சரியாகப் பிடித்தது. நோய் இல்லாதவர்களை நோயாளி என்று சொல்லாமல் இருந்ததில் 99.9 விழுக்காடு சரி.

இந்த 99.9 விழுக்காட்டில் மயங்கிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஒரு குழந்தைக்கு நோய் இருக்கும் ஒரு பகுதியில் பத்தாயிரம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளிகள் ஏறக்குறைய நூறு பேர் சிக்குவார்கள்; தவறாகச் சிக்குபவர்கள் பத்துப் பேர். பத்தாயிரத்துக்கு ஒரு குழந்தைக்கு மட்டுமே நோய் இருக்கும் பகுதி என்றால், உண்மை ஒன்று, பொய் பத்து. பட்டை அதே பட்டை, செவிலியரும் அதே செவிலியர். இடம் மாறியதும் முடிவின் எடை மாறிவிடுகிறது. இந்தச் சோதனைக்கு எதிரான வாதங்களில் வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆவடியில் ஒரு குழந்தைக்குப் பட்டை நோய் என்று காட்டினால் அதை நோய் என்று பெற்றோரிடம் அறிவிக்கக் கூடாது. இன்னொரு சோதனைக்கான அழைப்பு என்ற அளவில்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எதிர்வாதத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். பத்தாயிரம் குழந்தைகளில் ஹெச்.பி.எல்.சி.க்கு அனுப்ப வேண்டியவர்கள் பதினொரு பேர். சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை. மொத்தக் குழந்தைகளையும் இயந்திரத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் பட்டை சலித்துத் தருகிறது. சலித்ததை இயந்திரம் உறுதி செய்கிறது.

பட்டைக்குத் தெரியாதவையும் உண்டு. வங்காளத்திலும் வடகிழக்கிலும் பரவலாக இருக்கும் ஈ வகை ஹீமோகுளோபின் அதன் கண்ணில் படாது. பீட்டா தலசீமியா என்ற இன்னொரு மரபு ரத்தநோயின் சுமப்பாளர்களும் படமாட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஏ2 என்ற வகை எவ்வளவு என்று அளக்க வேண்டும். கோடு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் பட்டைக்கு அளக்கத் தெரியாது. ஒரு பெற்றோரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து மிதமான தலசீமியா என்று பெற்ற குழந்தைக்குச் சிறிதளவு ஏ இருப்பதால், நோயாளியைப் பட்டை சாதாரணச் சுமப்பாளர் என்று காட்டிவிடலாம். குறைமாதக் குழந்தையும் ரத்தம் ஏற்றிய குழந்தையும் தனிச் சிக்கல். ஆகவே அசாமியத் தம்பதிக்கு அம்பத்தூரில் பிறக்கும் குழந்தைக்குப் பட்டை மட்டும் போதாது. அப்படியென்றால் இங்கிலாந்தைப் போல எல்லாக் குழந்தைகளின் ரத்தத்தையும் வடிதாளில் சொட்டவிட்டுக் காயவைத்து ஆய்வகத்துக்கே அனுப்பிவிடலாமே? நிரந்தரமாக இங்கே குடியிருப்பவர்களுக்கு அதுவே சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இவ்வளவு நல்ல அடித்தளம் வேறு பல மாநிலங்களுக்கு இல்லை. ஆனால் சேம்பரில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த முடிவு எந்த முகவரிக்குப் போகும்? அவர்கள் நம் கைக்கெட்டும் தூரத்தில் உறுதியாக இருப்பது பிரசவத்துக்குப் பின் வார்டில் தங்கும் 48 மணி நேரம் மட்டுமே. பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டும் போடும் அந்த நேரத்திலேயே பட்டை முடிவு கிடைத்துவிட்டால், தாய் கட்டிலில் இருக்கும்போதே பேசலாம், கணவரையும் அழைத்துச் சோதிக்கலாம். அதே குத்தில் இன்னொரு சொட்டை வடிதாளில் விடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பட்டை ஆளைப் பிடித்துவைக்கும். பட்டை தவறவிட்டதை வடிதாள் பிடிக்கும்.

அடுத்த கேள்வி, யாரைச் சோதிப்பது? செலவைக் குறைக்க வடமாநிலத்தார் பிள்ளைகளுக்கு மட்டும் செய்தால் போதும் என்று அதிகாரிகள் சொல்லக் கூடும். கேட்பதற்குச் சிக்கனமாக இருக்கிறது. ஆனால் தோலையும் இனத்தையும் பார்த்து யாருக்குச் சோதனை என்று முடிவு செய்த அனுபவம் அமெரிக்காவுக்கு உண்டு. அப்படித் தேர்ந்தெடுத்தபோது குழந்தைகள் தவறிப்போனதால், அங்கே 2006க்குள் எல்லா மாநிலங்களும் எல்லாக் குழந்தைகளுக்கும் என்று மாறின. இங்கிலாந்தும் அதே ஆண்டு நாடு முழுக்க அனைவருக்கும் என்று விரித்தது. நம்மூரில் இதில் இன்னொரு ஆபத்தும் சேரும். வெளியூர்க்காரர்களால் நோய் வருகிறது என்ற பேச்சுக்கு அரசே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். இந்த நோய் ஒட்டுவதில்லை, பரவுவதில்லை என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தப் பேச்சை நிறுத்த முடியாது. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்காமல் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகள், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, சேம்பர் பகுதியில் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று பட்டியல் போட்டு, அங்கே பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யலாம். தாய்மொழி என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர்க் குடும்பங்களுக்கும் இதில் பயன் உண்டு. அதே தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பழுதுபட்ட மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு, சம்பந்தமில்லாத இருவரைவிடக் கூடுதல். தலசீமியாவுக்கும் இது பொருந்தும், எஸ் வகைக்கும் பொருந்தும்.

சுமப்பாளர் என்ற முத்திரை பிற்காலத்தில் கல்யாணச் சந்தையில் பெண் பிள்ளையைக் குத்தாதா என்பது நியாயமான அச்சம். கிரீஸ் நாட்டின் ஓர்க்கோமெனோஸ் என்ற ஊரைப் பற்றி எழுபதுகளில் வந்த ஆய்வறிக்கை இதைத்தான் காட்டியது. ஊரையே சோதித்து யார் யார் சுமப்பாளர் என்று சொல்லி அறிவுரை வழங்கிய பிறகு, சுமப்பாளர்களுக்கு இழிவு வந்து சேர்ந்தது. திருமணத்தின்போது மறைத்தவர்களும் இருந்தார்கள். எனவே பட்டை காட்டும் சுமப்பாளர் முடிவு பெற்றோரின் கைக்கு மட்டும் போக வேண்டும். வார்டு பலகையிலோ அங்கன்வாடிப் பதிவேட்டிலோ ஏறக் கூடாது. தாயைக் கர்ப்பத்திலேயே சோதித்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்போரும் உண்டு. சோதிக்கட்டும், அதன் பயன் வேறு. ஆனால் ஏழாம் மாத வயிற்றோடு ரயிலிறங்கும் பெண்ணுக்கு அது காலம் கடந்த யோசனை. இந்தியாவில் இந்த நோய் லேசானது என்ற பழைய நம்பிக்கையும் அவ்வப்போது வாதமாக வரும். ஒடிசாவிலும் சவுதியின் கிழக்குப் பகுதியிலும் காணும் எஸ் மரபணு ஆப்பிரிக்காவில் உள்ளதிலிருந்து தனியாகத் தோன்றியது, அதனோடு எஃப் வகை கொஞ்சம் அதிகமாக நிற்கும் என்பது உண்மை. ஆனாலும் நாக்பூரில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளிடம் கடும் வலியும் தொற்றும் ரத்தம் ஏற்றும் நிலையும் கண்டிருக்கிறார்கள். லேசு என்பது சராசரிக்குப் பொருந்தலாம். சராசரியாக எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டம் 2013இல் வந்தபோது குழந்தைகளிடம் தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் அரிவாள் செல்லும் தலசீமியாவும் இருந்தன, விருப்பத்தின்பேரில் என்ற குறிப்போடு. அந்த விருப்பத்தை மேலே சொன்ன மருத்துவமனைகளில் ஓராண்டுக்குச் செயல்படுத்திப் பார்க்கலாம். எத்தனை குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் உறுதியானார்கள், எத்தனை பேரிடம் ஆறாம் மாதத்தில் பெனிசிலின் தொடர்ந்தது என்று எண்ணினால், விரிப்பதா நிறுத்துவதா என்பதற்கு விடை கிடைத்துவிடும். எண்ணுவதற்குத் தகுதியான நிறுவனமும் தூரத்தில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்திலேயே இருக்கிறது. மூன்று எண்களில் கடைசியானதுதான் கடினமானது. டிசம்பரில் ஆவடியில் பிறந்த ஒடிசாக் குழந்தைக்கு எஃப் வகை குறைந்து நோய் தலைகாட்டும் ஆறாம் மாதம், ஜூன். சேம்பர் அடைத்துக் குடும்பம் பலாங்கீருக்கு வண்டி ஏறும் மாதமும் அதுதான். அதற்குள் இரண்டாம் மாதத்திலேயே பெனிசிலின் தொடங்கியிருக்க வேண்டும். தாய்க்கு மண்ணீரல் தொட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒடியாவில் எழுதிய அட்டையும் சில மாதங்களுக்கான மருந்தும், சம்பல்பூருக்கு அருகே புர்லா மருத்துவக் கல்லூரியின் அரிவாள் செல் பிரிவுக்கு ஒரு கடிதமும் கையில் இருக்க வேண்டும்.